தொண்ணூற்றேழாம் நாள் பணிஸ்

றம்லத்துக்கு வெட்கமாக இருந்தது. கணவர் மௌத்தாகி மூன்று மாதம் தாண்டிய ஒரு பெண்ணுக்குக் கவலை இருக்கலாம், பயம் இருக்கலாம், முழங்கால் வலிகூட இருக்கலாம். காலையில் கண் விழித்ததும், பணிஸ் ரொட்டிக்குக் குழைத்து வைத்த மா இன்றைக்கு எந்த அளவுக்குப் பொங்கியிருக்கும் என்று ஓர் ஆசை எழலாமா? அவளுக்கு எழுந்தது. சுபஹுத் தொழுகையை முடித்த கையோடு குசினிக்குப் போய், ஈரத் துணி போட்டு மூடியிருந்த சட்டியைத் திறந்து பார்த்தாள். மா தளதளவென்று விளிம்புவரை ஏறி நின்றது. ஒரு விரலால் அழுத்தினாள். விழுந்த குழி மெல்ல மெல்லத் தானாகவே மேலே வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் அதை விழுங்கிக்கொண்டு, சுற்றும் முற்றும் பார்த்தாள். வீட்டில் அவளைத் தவிர ஒரு குஞ்சும் இல்லை. ஆனாலும் பார்த்தாள்.

மடவளையில், பெரிய ரோட்டுச் சந்தியிலிருந்து மேலே ஏறும் சின்னப் பாதையில் ஐந்தாவது வீடு அவளுடையது. கணவர் தாஸிம் மௌத்தான நாளிலிருந்து றம்லத் இத்தா இருக்கிறாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் தன் வீட்டோடு இருக்க வேண்டும். அவசியமில்லாமல் வெளியே போகக் கூடாது. வாசனை பூசக் கூடாது, நகை போடக் கூடாது. ஊர் வழக்கப்படி வெள்ளைதான் உடுக்க வேண்டும். சமையலுக்கோ தோட்டத்துக்கோ ஒரு தடையும் இல்லை. ஆனால் மனசு குளிர்வதற்கு? அதை யாரிடம் போய்க் கேட்பது? பள்ளிவாசல் ஹஸரத்துக்கு ஃபோன் எடுத்து, ‘பணிஸ் சுட்டா சந்தோஷமா ஈக்கி, இது கூடுமா?’ என்றா கேட்பது?

தாஸிம் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். முப்பத்திநாலு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் கை ஓங்கியதில்லை. குரல்கூட உயர்த்தியதில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு வசனம்தான்: “கடையில கிடைக்குதே.” கல்யாணமான புதிதில் றம்லத் தலையணை உறைக்குப் பூ வேலை செய்தாள். கடையில கிடைக்குதே என்றார். முற்றத்துக் கொய்யாவில் ஜாம் காய்ச்சினாள். கடையில கிடைக்குதே என்றார். அவர் கட்டுகஸ்தோட்டையில் புடைவைக் கடை வைத்திருந்த வியாபாரி. காசு கொடுத்தால் கைக்கு வரும் ஒன்றுக்காகத் தன் மனைவி ஏன் மாரடிக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் சொன்னார். சண்டை பிடிக்கிறவரோடு திருப்பிச் சண்டை பிடிக்கலாம். அக்கறைப்படுகிறவரோடு என்னத்தைப் பிடிப்பது? ஊசியையும் ஜாம் போத்தலையும் அவள் ஒருநாள் எடுத்து வைத்தாள், வைத்ததை அப்படியே மறந்தும் போனாள்.

கட்டாரில் இருக்கும் மகள் ரிஸ்னா இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு சின்ன ஓவன் வாங்கி அனுப்பினாள். அது பெட்டி பிரிக்காமலே அலுமாரிக்கு மேலே குந்தியிருந்தது. இத்தாவின் இருபதாம் நாளோ இருபத்தோராம் நாளோ, செய்வதற்கு ஒன்றுமில்லாத ஒரு பகற்பொழுதில், றம்லத் ஸ்டூலில் ஏறி அதை இறக்கினாள். முதலில் சுட்ட பணிஸைக் காகத்துக்குப் போட்டாள். காகம் அதைக் கொத்திப் பார்த்துவிட்டு, போட்டவளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்து போனது. ரிஸ்னா ஃபோனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். “உம்மா, ஈஸ்ட்ட சுடுதண்ணில போட்டுச் சாவடிச்சிருப்பீங்க, வெதுவெதுப்பான தண்ணி ஊத்துங்க” என்றாள். பத்தாவது தடவை பணிஸ், பணிஸ் மாதிரியே வந்தது. வெந்ததைப் பிய்த்தபோது நூல் நூலாகப் பிரிந்து ஆவி பறந்தது. அன்றைக்கு அவள் குசினித் தரையில் உட்கார்ந்து, மூன்று பணிஸைத் தனியாகச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒட்டிக்கொண்டது. புடைவைக் கடையைக் கைமாற்றிக் கொடுத்தபோது வீட்டுக்கு வந்த இரண்டு சாக்குத் துணி வெட்டுத்துண்டுகளை அவிழ்த்தாள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் துணிகள் தரையெல்லாம் பரவின. வெள்ளை உடுத்திய அவள் நடுவில் இருந்துகொண்டு, துண்டோடு துண்டை ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைக்க ஆரம்பித்தாள். முன் விறாந்தையின் விளக்குக் கூட்டுக்குள் ஒரு கொண்டைக்குருவி வந்து கூடு கட்டியது. அன்றிலிருந்து விறாந்தை விளக்கை அவள் போடவேயில்லை. குருவிக்கென்று தினமும் ஒரு துண்டு பப்பாசிப்பழத்தைச் சுவர் ஓரத்தில் வைத்தாள். இவ்வளவுதான் அவளுடைய குற்றம். ஆனால் கொலை செய்தவள் மாதிரி ஒளித்துத் திரிந்தாள்.

ஒளித்தது உம்மு குல்சும் மதினிக்கு. தாஸிமுடைய ராத்தா. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அறுபத்தாறு வயது, சந்தியடியில் மகன் குடும்பத்தோடு இருக்கிறார். இத்தா தொடங்கிய நாளிலிருந்து ஒரு நாள் தவறாமல் காலை எட்டு மணிக்குப் பாதை ஏறி வந்துவிடுவார். கதிரையில் உட்கார்ந்து தஸ்பீஹ் உருட்டுவார். வெறும் தேத்தண்ணியோடு ஒரு பணிஸ் சாப்பிடுவார். நல்லது என்றும் சொல்ல மாட்டார், கெட்டது என்றும் சொல்ல மாட்டார். மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொல்லும்போது எழும்பிப் போவார்.

தன்னைக் கண்காணிக்கத்தான் வருகிறார் என்று றம்லத் முடிவு கட்டியிருந்தாள். அதில் அவளுக்குக் கோபமில்லை. பயம்தான். மகள் கடல் கடந்து இருக்கிறாள். உம்மா வாப்பா இல்லை. இந்த ஊரில் அவளுக்கென்று மிஞ்சியிருந்த ஒரே மனுஷி இந்த மதினி. தம்பி போனதில் இவளுக்குச் சந்தோஷம் என்று அந்த மனுஷி ஒரு தடவை நினைத்துவிட்டால் போதும், அந்த உறவு அத்தோடு சரி. அதற்காகப் பணிஸையும் போர்வையையும் விட்டுவிடலாம் என்றும் யோசித்துப் பார்த்தாள். ஒரு நாள் விட்டும் பார்த்தாள். அன்றைக்குப் பின்னேரம்வரை படுக்கையை விட்டு எழும்ப முடியவில்லை. அதனால் ஒளிப்பதே வழி என்று தீர்மானித்தாள். எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போர்வை கட்டிலுக்கு அடியில் போகும். ஒரு டசின் பணிஸில் இரண்டு மட்டும் தட்டில் இருக்கும், மிச்சம் டின்னுக்குள் போகும். முகத்தைக் கழுவித் துடைத்து, ஒரு விதவைக்கு வேண்டிய அளவு சோகத்தைப் பூசிக்கொண்டு கதவைத் திறப்பாள்.

தொண்ணூற்றேழாம் நாள் எல்லாம் கூடிவந்த நாள். போர்வை முந்தின நாள்தான் தைத்து முடிந்திருந்தது. அலசிப் பின்பக்கக் கொடியில் காயப் போட்டிருந்தாள். ஏழே முக்காலுக்கு முதல் தட்டை ஓவனிலிருந்து எடுத்துக் குசினி யன்னல் விளிம்பில் ஆற வைத்தாள். இரண்டாவது தட்டை உள்ளே தள்ளினாள். குருவிக்குப் பப்பாசி வைக்க விறாந்தைக்குப் போனபோது கூட்டுக்குள்ளிருந்து கீச்சுக் குரல் கேட்டது. ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்தாள். முட்டை இல்லை. மயிரில்லாத இரண்டு குஞ்சுகள், முகம் முழுக்க வாயாக, அவளைத் தாய் என்று நினைத்து அண்ணாந்து கொண்டிருந்தன. “சுப்ஹானல்லாஹ்” என்று சத்தமாகவே சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துக் குசினியில் தட்டு விழுந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தால் குரங்குக் கூட்டம். ஐந்தோ ஆறோ இருக்கும். யன்னல் விளிம்பில் ஒன்று, மதிலில் இரண்டு, ஆளுக்கொரு பணிஸ். கிழட்டு ஆண் குரங்கு ஒன்று இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, எதை முதலில் கடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தது. போனால் போகட்டும் என்றுதான் றம்லத் நினைத்தாள். ஆனால் பின்பக்கம் ஒரு பெட்டைக் குரங்கு கொடியைப் பிடித்துத் தொங்கியது. இழுத்த இழுப்பில் போர்வை கையோடு வந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு அது ஓடத் தொடங்கியது.

இரண்டு மாத உழைப்பு! றம்லத் கூட்டுகிற தும்புத்தடியைத் தூக்கினாள். “அடியே, வெச்சிட்டுப் போ! வெச்சிட்டுப் போடி!” குரங்கு வீட்டைச் சுற்றியது. இவளும் சுற்றினாள். கேட்டுக்கு மேலால் அது பாய, இவள் கேட்டைத் திறந்துகொண்டு பின்னால் போனாள். பாதையில் இறங்கியது, இவளும் இறங்கினாள். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. முன்னால் குரங்கு, அதற்குப் பின்னால் நிலத்தில் இழுபடும் சிவப்பும் பச்சையும் மஞ்சளும், அதற்கும் பின்னால் வெள்ளை உடுப்போடு, வெறுங்காலோடு, தும்புத்தடியோடு றம்லத். நான்கு வீடுகளையும் தாண்டிச் சந்திவரை போய்ச் சேர்ந்தார்கள்.

சந்தியில் வத்தேகம பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. குரங்கு பஸ் தரிப்பிடக் கூரையில் தாவி ஏறி உட்கார்ந்தது. ஏறின களைப்பில் போர்வை அதன் தலைக்கு மேலால் சரிந்து விழ, அப்படியே முக்காடு போட்ட கோலத்தில், கக்கத்தில் வைத்திருந்த பணிஸை எடுத்து ஒரு கடி கடித்தது. கடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நின்ற சனத்தை, கல்யாண வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையின் உம்மா பந்தியை அளக்கிற மாதிரி, மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தது.

றம்லத் சிரித்தாள். விழுங்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தாள். பஸ்ஸுக்குள்ளும் சிரித்தார்கள். அவர்களைப் பார்த்து அவள் இன்னும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் எதிரே உம்மு குல்சும் நிற்பது தெரிந்தது. கையில் குடை. வழக்கமான எட்டு மணி.

றம்லத் கீழே பார்த்தாள். காலுக்கு அடியில் தார் ரோட்டு. தொண்ணூற்றாறு நாள் கண்ணும் கருத்துமாகக் காத்த இத்தா, ஊரே பார்க்கப் பஸ் தரிப்பிடத்தில், சிரிப்போடு! தும்புத்தடி கையிலிருந்து நழுவியது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மேலே ஓடினாள்.

வீட்டுக்குள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். உள்ளங்கால் எரிந்தது. பின்னாலேயே மதினி வந்து கிழிகிழி என்று கிழிப்பார் என்று காத்திருந்தாள். மதினி வரவில்லை. பத்து நிமிடம் போனது, இருபது நிமிடம் போனது. ஏச்சு விழுந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவ்வளவுதான், இனி அந்த மனுஷி இந்தப் பாதை ஏறப் போவதில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. விறாந்தையில் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம்கூட இப்போது அவளுக்குப் பிடிக்கவில்லை.

கேட் கிறீச்சிட்டது. உம்மு குல்சும் மூச்சு வாங்க உள்ளே வந்தார். ஒரு தோளில் போர்வை, ஒரு கையில் தும்புத்தடி, முக்காட்டில் ஒரு காய்ந்த இலை.

“ரெண்டு வாழப்பழம் குடுத்துத்தான் வாங்கின. லேசில தரல்ல, கள்ளி” என்று சொல்லிப் போர்வையைக் கட்டிலில் போட்டார். “ஒரு மூல கிழிஞ்சி ஈக்கி. தைக்கலாம்.”

“இத்தா முறிஞ்சி போச்சா மதினி?” என்று றம்லத் கேட்டாள்.

“வேணுமெண்டு ஊர் சுத்தவா போன? குரங்கு தூக்கிட்டுப் போன சாமான எடுக்கத்தானே போன. அந்தக் குரங்கையும் அல்லாஹ்தானே படச்சீக்கான். மனசு கேக்கல்லாட்டி ஹஸரத்துக்கிட்ட கேப்போம்.” கதிரையை இழுத்துப் போட்டு, நேர் எதிரே உட்கார்ந்தார். “அது ஈக்கட்டும். எனக்கு வேற ஒண்டு கேக்கோணும்.”

வந்துவிட்டது என்று றம்லத் நினைத்தாள்.

“முப்பத்திநாலு வருஷமா நான் ஒங்களப் பாக்குறேன். ஒரு நாளும் நீங்க அப்பிடிச் சிரிச்சி நான் கண்டதில்ல. ஏன்ட தம்பி ஒங்களச் சிரிக்க உடல்லயா?”

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு பொய்யைச் சொல்லித் தப்பியிருக்கலாம். மௌத்தானவரைப் பற்றிப் பொய்யாக நாலு நல்லது சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் வாழைப்பழம் கொடுத்துப் போர்வையை மீட்டுக்கொண்டு வந்த மனுஷியிடம் அவளுக்குப் பொய் வரவில்லை.

“சிரிக்க வாணாமெண்டு அவர் செல்லவே இல்ல மதினி. மிச்சம் நல்லா வெச்சிருந்தார். கேட்டதெல்லாம் கடையிலேருந்து வந்திச்சி. ஏன்ட கையால ஒண்டும் வரல்ல. அவ்வளவுதான்.” சொல்லிவிட்டு உள்ளங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். “இப்ப வருது. அதால சந்தோஷமா ஈக்கி. அவர் போனதுல சந்தோஷமில்ல, அல்லாஹ்மேல ஆணையா இல்ல. ஆனா காலத்தால எழும்புற நேரம் சந்தோஷமா ஈக்கி. நான் என்ன செய்ற?”

உம்மு குல்சும் போர்வையின் கிழிந்த மூலையை எடுத்துத் தடவினார்.

“நானும் இத்தா இருந்தவதானே. நாலு மாசமும் செவரப் பாத்துட்டுத்தான் இருந்த. பல்லி எத்தினண்டு எண்ணிட்டு இருந்த. ஒங்கட ஊட்டுக்கு நான் ஏன் வாறேண்டு நெனச்சீங்க?”

“என்னப் பாத்துக்கொள்ள.”

“மொத மாசம் அதுக்குத்தான் வந்த. பொறகு பணிஸுக்குத்தான் வந்த.” சொல்லும்போது கிழவியின் முகம் சிவந்துவிட்டது. “இந்தப் பாதையில ஏறக்கொள்ளயே வாசம் வரும். ஏன்ட தம்பி கபுருல ஈக்கிறான், ராத்தாக்காரிக்கு வாயில எச்சி ஊறுது. எவ்வளவு வெக்கம்! அதான் நல்லமெண்டு ஒரு நாளும் வாய் தொறந்து செல்லல்ல. டின்னுக்குள்ள நீங்க ஒளிச்சி வெக்கிறதும் எனக்குத் தெரியும். கேக்க வெக்கமா இருந்திச்சி.”

றம்லத் அவரையே பார்த்தாள். எதிரெதிரே இருந்துகொண்டு, ஆளுக்கு ஆள் பயந்து, ஒரே சந்தோஷத்தை இரண்டு பேரும் இரண்டு மாதமாக ஒளித்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய பைத்தியக்காரத்தனம் மடவளையில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

“மதினி, கருகுற வாசம் வருது” என்று அடுத்த கணம் துள்ளி எழும்பினாள்.

ஓவனிலிருந்த இரண்டாவது தட்டு மேலால் கறுத்திருந்தது. அடி தப்பியிருந்தது. கறுத்ததைக் கத்தியால் சுரண்டி, ஒளிக்காமல் அத்தனையையும் தட்டில் அடுக்கி, தேத்தண்ணியும் ஊற்றிக்கொண்டு வந்தாள். விறாந்தையில், குருவிக்கூட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, இரண்டு கதிரைகளைப் போட்டார்கள். தாய்க்குருவி வந்து இவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் குஞ்சுகளிடம் போனது. உம்மு குல்சும் ஒரு பணிஸைப் பிய்த்து, தேத்தண்ணியில் தோய்த்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். இவ்வளவு நாளும் கட்டி வைத்த வாய் அவிழ்ந்துவிட்டதால், இனி எல்லாம் வெளியே வரும் போலிருந்தது.

“செல்றேண்டு கோவிக்க வாணாம். பஞ்சு மாதிரித்தான் ஈக்கி. ஆனா சீனி காணாது. ரெண்டு மாசமா செல்லோணுமெண்டு இருந்த.”

“சீனியா? எப்பவும் போடுற அளவுதானே மதினி போடுறேன்” என்று றம்லத் ஆரம்பித்தாள். பாதியில் நின்றுவிட்டாள்.

எப்பவும் போடுற அளவு. பதினொரு வருடத்துக்கு முன்னர் பேராதனையில் டொக்டர் தாஸிமுக்குச் சீனி வியாதி என்று சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் எதற்குமே பாதிச் சீனிதான். தேத்தண்ணிக்குப் பாதி. வட்டிலாப்பத்துக்குப் பாதி. பெருநாள் பலகாரத்துக்கும் பாதி. அவர் ஒரு நாளும் அளவு கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை. கை தானாகவே இரண்டாவது கரண்டியோடு நின்றுவிடும். இப்போது யாருக்காகவும் குறைக்கத் தேவையில்லை, ரிஸ்னா அனுப்பிய அளவில் நான்கு கரண்டி என்று இருந்தது, ஆனாலும் ஒவ்வொரு விடியற்காலையும் கை இரண்டோடு நின்றிருக்கிறது. தனக்காகச் சுடுகிறேன் என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு, அவள் இவ்வளவு நாளும் அவருக்கு ஒத்துக்கொள்ளும் பணிஸைத்தான் சுட்டிருக்கிறாள்.

“அவருக்குத்தான் சீனி வருத்தமே மதினி” என்றாள். அதற்கு மேல் முடியவில்லை. தாஸிமுக்காக அவளுக்கு வாய்விட்டு அழ வந்தது, அழுதாள்.

உம்மு குல்சும் மெல்லுவதை நிறுத்தினார். கையிலிருந்த மிச்சத் துண்டைப் பார்த்தார்.

றம்லத் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “நாளைக்குக் கூடப் போடுறேன்.”

“வாணாம்” என்றார் அவர். தட்டிலிருந்து இன்னொரு பணிஸை எடுத்துக்கொண்டார். “இந்த அளவே ஈக்கட்டும்.”